அழுகின வெங்காயம் இருக்குங்களா?

ஊர் நல்ல வெங்காயத்தைப் பொறுக்கும்; நான் அழுகியதைப் பொறுக்குகிறவன். தஞ்சாவூரில் ஒரு பயிர்நோய் ஆய்வகத்துக்காக, நோய் கண்ட வெங்காயத்தை வயல் வயலாகப் போய்ச் சேகரிக்கிறேன். அதை அழுகவைக்கும் பூஞ்சாணம் எங்கும் ஒரே வகையா, பல வகையா என்று மரபணுவைப் பார்த்து ஆய்வகம் சொல்லும். என் ஊர் நீடாமங்கலம். நெல்லைத் தவிர வேறெதையும் பயிராக மதிக்காத ஊர் என்பதால் அங்கே இதை விளக்குவதில்லை. வெயிலில் பை தூக்கும் நண்பர்களே, உங்களுக்குப் புரியும்.

முறத்தில் வந்த மாதிரி

கொள்ளிடப் படுகையில் கலியபெருமாள் வெங்காயம் போட்டிருந்தார். அவர் வெளியே போயிருந்ததால் அவர் மனைவி வசந்தாவிடம் அழுகின வெங்காயம் கேட்டேன். கொல்லைப் பக்கம் போனவர் திரும்ப வெகுநேரமானது. வந்தபோது முறத்தில் வெங்காயம் பளபளவென்று இருந்தது. அழுகிய பாகத்தையெல்லாம் அரிந்து தள்ளி, கழுவித் துடைத்திருந்தார். எனக்கு வேண்டியது மொத்தமும் குப்பைக்குழியில் கிடந்தது.

அழுகினதுதான் வேண்டும் என்று மறுபடி சொன்னேன். நம்பாமல் பார்த்தார்.

"வூட்டுக்கு வந்தவங்க கையில அழுகினதையா சார் கொடுப்பாங்க?"

அடுத்த வயல்

பக்கத்து வயல் வசந்தாவின் அண்ணன் ராசேந்திரனுடையது. கலியபெருமாள் வயலில் பாய்ந்த தண்ணீர்தான் வரப்பு தாண்டி இவர் வயலுக்கு இறங்கும். நோயும் அதே வழியில் இறங்கியது என்பது இவர் கட்சி. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. நான் கேட்காமலேயே ராசேந்திரன் ஒரு கூடை அழுகல் கொடுத்தார்.

"தங்கச்சிய அவன் கையில கொடுத்தோம் சார். அவன் நோயத் திருப்பிக் கொடுத்திருக்கான்."

பஸ்ஸில்

குப்பைக்குழியில் பொறுக்கியதையும் ராசேந்திரன் கொடுத்ததையும் தனித்தனிப் பையில் கட்டி பஸ் ஏறினேன். என் பக்கத்து இருக்கை வழக்கம்போல் காலியாகவே வந்தது. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே என்ன செத்துக் கிடக்கிறது என்றார். எதுவும் சாகவில்லை, பூஞ்சாணம் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் எனக்குச் சம்பளம் என்றேன். அவர் யோசிக்கவேயில்லை.

"அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துருங்க."

போனில்

அடுத்த வாரம் வசந்தா போன் செய்தார். அவருடைய சின்ன மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்; அந்த மாமனோ ஆய்வக முடிவு வராமல் வாசல் மிதிக்க மாட்டேன் என்கிறார். கலியபெருமாள் போய் அழைக்க மாட்டார். அண்ணன் வராவிட்டால் பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பது என்று கேட்டார் வசந்தா.

முடிவு எங்கள் கையில் இல்லை என்றேன்.

"டீச்சருங்க மார்க்கு போடுவாங்கல்ல, அது மாதிரி கொஞ்சம் பாத்துப் போடச் சொல்லுங்க சார்."

முடிவு

யாரும் பார்த்துப் போடவில்லை. வந்த முடிவே அப்படி அமைந்தது. கலியபெருமாள் வயலில் எடுத்த பூஞ்சாணம் ஒரு வகை. ராசேந்திரன் வயலில் மட்டும் மூன்று வகை, அவற்றில் ஒன்றுகூட மச்சான் வயலுடையதில்லை. தண்ணீரோடு வந்ததற்கு அடையாளமே இல்லை, விதை வெங்காயத்தோடு வந்திருக்கலாம் என்றார் ஆய்வக மேடம். ராசேந்திரன் விதையை மூன்று சந்தையில் வாங்கிக் கலந்து ஊன்றியிருந்தார்.

வரப்பில் நின்று ராசேந்திரனிடம் இதைச் சொன்னேன். மச்சான் வயலை ஒருமுறை, தன் வயலை ஒருமுறை பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒரே வயல்ல கெடந்துகிட்டு மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டு இல்ல, உறவு இல்லயா? நாங்களே தேவலாம் போலருக்கே."

பந்தி

காதுகுத்துக்கு எனக்கும் அழைப்பு. பிள்ளை மாமன் மடியில் வீறிட்டு அழுது, அவருடைய புது வேட்டியை நனைத்தது. கலியபெருமாள், "விடு மச்சான், தண்ணி மேலேருந்து கீழதான வரும்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பந்தியில் சாம்பார் வெங்காயத்தைப் பழக்கதோஷத்தில் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வசந்தா கவனித்துவிட்டார்.

"சந்தையில வாங்குனது சார், பயப்படாம சாப்பிடுங்க. எங்க ரெண்டு வயல்லயும் ஒண்ணும் மிஞ்சல."

எந்த வயலுடையது என்று தெரியாத வெங்காயத்தை, இத்தனை வருட உத்தியோகத்தில் அன்றைக்குத்தான் மாதிரி எடுக்காமல் சாப்பிட்டேன்.