பூனைக்குக் கோழி ஆகாது

பெரியவளே, சின்னவனே, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். அப்பா பத்தாவது வரைதான் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். மாடியில் குடியிருந்த தம்பியை நான் அடித்ததை நீங்கள் இருவரும் வாசலில் நின்று பார்த்தீர்கள். அன்று நீங்கள் பார்த்தது பாதிதான். மீதியைச் சொல்லாமல் விட்டால், அப்பா ஒரு பூனைக்காக அடித்தார், அதனால் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும் என்று பின்னால் நினைத்துக்கொள்வீர்கள். அப்படி நினைக்கக் கூடாது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கள்ளிக்குப்பத்தில் கோழிக்கடையில் கறி வெட்டுகிறேன். கழுத்தை அறுத்து நீல டிரம்மில் போட்டால், உள்ளே இறக்கை அடித்து அடித்து டிரம்மே ஆடும். சத்தம் அடங்கியதும் எடுத்துத் தோல் உரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒன்று அடங்குவதற்குள் அடுத்ததைப் போட்டுவிடுவோம். முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. கை பழகிய வேலையை மனசும் பழகிக்கொள்கிறது. நான் வீட்டில் கை ஓங்கியதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. என்னோடு வெட்டும் மற்ற இருவரும் யாரையும் அடித்ததில்லை.

பெரியவள் பள்ளிக்கூடப் பையில் வைத்துக் கொண்டுவந்த பூனைக்கு, வந்த நாளிலிருந்து கோழி ஈரல், கோழிக் கழுத்து, கோழித் தோல். இரண்டு வருஷம் தின்று கொழுத்தது. மூன்றாவது வருஷம் பின்னங்காலால் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தது. முதலில் முடி போனது, அப்புறம் தோல் போனது. காதுக்கும் கண்ணுக்கும் நடுவே சிவப்பாகச் சதை தெரிந்தது. தின்றதைக் கக்கும். வயிற்றாலே போகும், அதில் ரத்தக்கோடு இருக்கும். ஒரு நாள் அரிசி மூட்டைமேலேயே போய்விட்டது. நான் ஒரு உதை விட்டேன். கேஸ் சிலிண்டரில் போய் மோதி, சத்தம் போடாமல் எழுந்து கட்டிலுக்கு அடியில் போனது. சின்னவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று பெரியவள்தான் அழுதாள். அரிசிப் பையில் போட்டுக் கட்டுவதற்குள் என் முன்னங்கையை மூன்று இடத்தில் கிழித்தது. ஆட்டோவில் போகும்போது பைக்குள் இருந்து வந்த உறுமலைக் கேட்டு டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, உள்ள பூனையா, மாமியாரா?”

பெரியவள் சிரிக்கவில்லை. பையின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா தோலைச் சுரண்டிப் பார்த்தார், முடியை விலக்கிப் பார்த்தார். உண்ணியும் இல்லை, சொறிப்பூச்சியும் இல்லை என்றார். “தினமும் என்ன குடுக்கிறீங்க?” என்று கேட்டார். சொன்னேன்.

“அதாங்க ஒத்துக்கல. வருஷக்கணக்கா ஒண்ணையே தின்னா, ஒரு நாள் உடம்பு அதை எதிரின்னு நினைச்சுக்கும்.”

“கோழிக்கடைக்காரன் ஊட்டுப் பூனைக்குக் கோழி ஆவாதா மேடம்? இன்னா மேடம் நீங்க!”

“நீங்க கோழிக்கடைக்காரர்னு அதோட வயித்துக்குத் தெரியாதுல்ல?”

பிறகு பெரியவளைப் பார்த்துத்தான் பேசினார். எட்டு வாரத்துக்கு, இந்தப் பூனை பிறந்ததிலிருந்து தின்னாத ஒரே ஒரு கறியை மட்டும்தான் கொடுக்க வேண்டும். நம் வீட்டில் பண்டிகைக்குத்தான் மட்டன், அதுவும் எலும்புகூட மிஞ்சாது. அதனால் மட்டன் என்று முடிவானது. உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்துக் கொடுக்க வேண்டும். வெறும் கறி மட்டும் உடம்புக்குப் போதாது என்று ஒரு சத்துப் பொடி எழுதிக் கொடுத்தார். பால், மீன், பிஸ்கட் கூடாது. என்ன தின்றது, எப்போது சொறிந்தது, எப்போது கக்கியது எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும்.

“ஒரு வாய் கோழி உள்ள போனாலும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்மா. இப்பவே எலும்பும் தோலுமா இருக்கு. இப்படியே பிச்சுக்கிட்டு, கக்கிக்கிட்டு இருந்தா இது தாங்காது.”

அன்றிலிருந்து நம் வீட்டில் யுத்தம். வெளியே போய் எதையாவது தின்றுவிடும் என்று கதவைச் சாத்தினோம். திரைச்சீலையைக் கிழித்தது. மட்டனைத் தட்டோடு தள்ளியது. சின்னவன் ஊட்டப் போய் விரலில் பல் இறங்கி ஊசி போட்டோம். நான் மதியம் வேலை முடிந்து வந்தால் மட்டும் ஓடி வரும். காலைச் சுற்றும், பாதத்தை நக்கும், செருப்பை நக்கும். உதைத்தவன்மேலேயே இவ்வளவு பாசமா என்று நினைப்பேன். குனிந்து தலையைத் தடவுவேன்.

நாலு வாரம் ஆகியும் ஒரு முன்னேற்றமும் இல்லை. கழுத்துப் புண் காதுவரை ஏறியது. பெரியவள் நோட்டில் தினமும் ‘சொறிந்தது, சொறிந்தது’ என்று எழுதினாள். யாரோ கோழி போடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். யார் என்று பார்த்தால் மாடித் தம்பிதான். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை செய்பவன், தனி ஆள், தினமும் பார்சல் சாப்பாடு. முன்பெல்லாம் பூனையை மடியில் வைத்துக்கொண்டு போனில் மீட்டிங் பேசுவான். வைத்தியம் தொடங்கிய அன்றே நான் அவனிடம் சொல்லியிருந்தேன். “சரி அண்ணாச்சி, இனிமே ஒண்ணும் குடுக்க மாட்டேன்” என்றும் சொல்லியிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. பூனை பாத்ரூம் ஜன்னல் வழியாகத் தப்பி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது. கழுத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. படிக்குக் கீழே ஒரு கோழி எலும்பு கிடந்தது. எனக்கு அது போதும்.

“டேய், கீழ எறங்குடா.”

அவன் கைலியோடு வந்தான். “என்ன அண்ணாச்சி?”

“பூனைக்கு இன்னா போட்ட?”

“நான் ஒண்ணும் போடல அண்ணாச்சி. சத்தியமா.”

“இது இன்னா அப்போ? உங்கப்பன் துன்னு போட்டதா?”

“அதைக் காக்கா கொண்டு போட்டிருக்கும். எங்கப்பாவை எதுக்கு இழுக்கிய? மரியாதையாப் பேசுங்க.”

மரியாதை என்ற சொல்லில்தான் நான் அடித்தேன். அறைந்ததாக நீங்கள் பின்னால் மற்றவர்களிடம் சொன்னீர்கள். அது அறை இல்லை, மடக்கிய கையால் விட்ட குத்து. மேல் பல் ஒன்று உடைந்தது. அவன் படியில் மல்லாந்து விழுந்தான். நான் விடவில்லை. சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று விட்டேன். உதடு கிழிந்து அவன் நெஞ்செல்லாம் ரத்தம். அவன் திருப்பி அடிக்கவே இல்லை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையைப் பூனை மிதிபடாமல் இருக்க நீட்டிக்கொண்டிருந்தான். இதை நான் அந்த நேரத்திலேயே பார்த்தேன். பார்த்தும் அடித்தேன்.

உங்கள் அம்மா ஓடி வந்து என் இடுப்பைக் கட்டி இழுத்தாள். “இன்னாய்யா பண்ற, செத்துடப் போறான்யா! அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதானே!”

போலீசுக்குப் போகலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னபோது, வேண்டாம் என்று தலையாட்டியவன் அவன்தான். நாலாம் நாள் வீட்டைக் காலி செய்துகொண்டு பட்டாபிராமுக்குப் போய்விட்டான்.

அவன் பல் என் விரல் முட்டியில் இறங்கியிருந்தது. இரண்டே நாளில் கை பன்னு மாதிரி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்துக் கட்டுப் போட்டார்கள். மூன்று வாரம் கத்தி பிடிக்கக் கூடாது என்றார்கள். வீட்டிலேயே கிடந்தேன்.

அந்த மூன்று வாரத்தில் பூனை தேறியது. முதலில் கக்குவது நின்றது. அப்புறம் வயிற்றாலே போவது நின்றது. கழுத்துப் புண் காய்ந்து, அதன்மேல் பூஞ்சை மாதிரி புது முடி வந்தது. மட்டனைத் தட்டு தேயத் தின்றது. எனக்கு அப்போது வந்த கர்வத்தைச் சொல்ல எனக்கே கூசுகிறது. கடையிலிருந்து என்னைப் பார்க்க வந்த கூட்டாளியிடம் பூனையைத் தூக்கிக் காட்டினேன்.

“பாத்தியா? எட்டு வாரத்து வைத்தியம், ரெண்டே குத்துல முடிஞ்சுது.”

“மாமே, அந்தக் கையை வெச்சுத் தனியா ஒரு ஆஸ்பத்திரியே நடத்து மாமே!”

இரண்டு பேரும் சிரித்தோம். சின்னவன் அங்கேதான் இருந்தான். அந்த நாட்களில் நான் தலை சொறியக் கை தூக்கினாலும் அவன் கழுத்தைச் சுருக்கிக்கொள்வான். அதையும் நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கட்டு பிரித்து வேலைக்குப் போனேன். மதியம் வந்ததும் பூனை ஓடி வந்து பாதத்தை நக்கியது. மூன்றாம் நாள் கழுத்தைச் சொறிந்தது. ஐந்தாம் நாள் கக்கியது. ஆறாம் நாள் புது முடியெல்லாம் நகத்தோடு வந்து, பழைய இடத்திலேயே சதை தெரிந்தது.

இந்த முறை அடிக்க மாடியில் ஆள் இல்லை. வேலையிலிருந்து வந்த காலோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் நின்று கத்தினேன்.

“யாருடி குடுத்தது? எவ கையில வாங்கித் துன்னுச்சு? சொல்றீங்களா, இல்ல எல்லாரையும் சாத்தவா?”

மட்டன் தட்டைச் சுவரில் அடித்தேன். அது சின்னவன் காதை ஒட்டிப் போனது. உங்கள் அம்மா அவனை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“என் மூஞ்சையும் ஒடைச்சிப் பாரு. அதுலயாவது சொறி நிக்குதா பாக்கலாம்.”

அப்போதுதான் பெரியவளே, நீ நோட்டைக் கொண்டுவந்து தரையில் விரித்தாய். ஒரு பக்கத்தின் தலையில் ‘அப்பா வேலைக்குப் போகவில்லை’ என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே மூன்று வாரம், நாளுக்கு நாள் சொறிவது குறைந்து, கடைசியில் ஒன்றுமே இல்லை. அடுத்த பக்கத்தின் தலையில் ‘அப்பா வேலைக்குப் போனார்.’ அதற்குக் கீழே மறுபடியும் எல்லாம். எனக்குப் புரியவில்லை. நீ என் காலைக் காட்டினாய். நான் அவ்வளவு கத்திக்கொண்டிருந்தபோதும் பூனை என் கால்விரல் இடுக்கில் நக்கிக்கொண்டுதான் இருந்தது.

“அது பாசமா நக்கலப்பா,” என்றாய். “துன்னுது.”

செருப்பைக் கழற்றித் திருப்பினேன். அடிப்பக்கக் கோடுகளில் கோழிக் கொழுப்பும் ரத்தமும் அப்பிக் காய்ந்திருந்தன. லுங்கி விளிம்பிலும் அதுதான். தினமும் கடையிலிருந்து கோழியைக் கொண்டுவந்து பூனையின் வாயில் வைத்தவன் நான். அதைக் கொல்லப் பார்த்ததும் நான். ஒன்றும் செய்யாதவனின் வாயை உடைத்ததும் நான். எல்லோர்மேலும் பாயத் தெரிந்த எனக்கு, என்னை நானே என்ன செய்வது என்று அன்று தெரியவில்லை. வெளியே போய் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் முகவரி வாங்கிக்கொண்டு பட்டாபிராமுக்கு ரயில் ஏறினேன். இது உங்களுக்குத் தெரியாது. அவன் கிரில் கதவைத் திறக்கவில்லை. உள்பக்கம் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டிய பல் மட்டும் வெள்ளையாகத் தனியே தெரிந்தது.

“உன்மேல தப்பு இல்லப்பா,” என்றேன். “என் செருப்புலேருந்து துன்னுருக்கு. நான்தான். மன்னிச்சுக்க.”

அவன் குனிந்து என் காலைப் பார்த்தான்.

“பூனைக்கு இப்பம் எப்படி இருக்கு?”

“மறுபடி ஆரம்பிக்கணும். முதல்லேருந்து.”

“ஆரம்பிங்க. மன்னிப்பெல்லாம் எனக்கு வரல அண்ணாச்சி. கண்ணாடி பாக்கும்போதெல்லாம் கோவம்தான் வருது. வீட்டுல ரெண்டு பிள்ளைய இருக்கு. அதுகளையாவது அடிக்காம இருங்க.”

உள்கதவைச் சாத்திக்கொண்டான். நான் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எட்டு வாரம் மறுபடி எண்ணினோம். கடைத் துணியும் செருப்பும் கடையிலேயே நின்றன. பூனை பிழைத்தது, இப்போது டி.வி. மேல் படுத்து வாலைத் திரையில் தொங்கவிடுகிறது. என்னைக் கண்டால் முன்போல் ஓடி வருவதில்லை. மற்றவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. சின்னவன் கழுத்தைச் சுருக்குவது நிற்க அந்த எட்டு வாரத்தைவிட ரொம்ப நாள் ஆனது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பட்டாபிராமிலிருந்து திரும்பிய மறுநாள் மதியம், முதலாளி சாப்பிடப் போய்விட்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் உட்கார்ந்தேன். துணி சோப்பைப் போட்டுக் காலையும் கையையும் இரண்டு முறை தேய்த்தேன். நகக்கண்ணில் கறுப்பாக ஒரு கோடு போகவில்லை. பிளேடு எடுத்து ஒவ்வொரு நகமாக, சதையை ஒட்டி, இருபதையும் வெட்டினேன். இரண்டு விரலில் என் ரத்தமே வந்தது. கழுவிக்கொண்டு, நகத்தையெல்லாம் பொறுக்கி ஒரு தாளில் மடித்து, இறகுக் குப்பை டிரம்மில் போட்டேன்.