மஞ்சள் சோஸ்

மொன்றியலில் மார்ச் மாதத்தை நம்பக் கூடாது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்திலேயே வெயில் கொளுத்தியது. கார் நிறுத்தும் இடங்களின் ஓரத்தில் ஊத்தைப் பனிக் குவியல்கள் அப்படியே கிடக்க, பக்கத்தால் சனம் அரைக் காற்சட்டையோடு திரிந்தது. எனக்கு அந்த வெயில் பிடிக்கவில்லை. காலம் தப்பி வருவது நல்லதுக்கில்லை. என் மனுசனுக்கோ தலைகால் புரியாத சந்தோசம்.

"டெலிக் கடைக்குப் போவமப்பா. பனி தொடங்கினதிலயிருந்து அந்தப் பக்கமே போகேல்லை."

"ஜக்கெட்டைப் போடுங்கோ."

"உமக்கென்ன விசரே? இந்த வெயிலுக்கு ஆர் ஜக்கெட் போடுறது?"

அந்தப் பனிக்காலத்தில்தான் அவருக்குக் கடுகு ஒத்துக்கொள்ளாமல் போனது. ஒருநாள் சாப்பிட்டு எழும்ப, உடம்பெல்லாம் தடித்துத் தொண்டை இறுகிவிட்டது. சோதித்துப் பார்த்த தமிழ்நாட்டு டாக்டர், "கடுகு உங்களுக்கு ஆகவே ஆகாது சார். மறந்தும் வாயில வைக்காதீங்க," என்றார். அவசரத்துக்குத் தொடையில் குத்தும் ஊசிப் பேனை ஒன்றும் தந்தார். அன்றைக்கே வீட்டிலிருந்த கடுகை எல்லாம் குப்பையில் கொட்டினேன். கோயில் சோறு, கலியாணவீட்டுச் சட்னி எல்லாவற்றையும் கிளறி, கறுப்பாய் ஒரு மணி இல்லை என்று கண்ட பிறகுதான் அவரைத் தின்ன விடுவேன். டெலியில் அந்தப் பயம் இல்லை. வெள்ளைக்காரன் சாப்பாட்டில் கடுகு ஏது?

டெலி இரண்டு தெரு தள்ளி இருந்தது. இறைச்சியைப் புகைபோட்டு, மெல்லிசாகச் சீவி, பாண் துண்டுகளுக்கு நடுவில் உயரமாக அடுக்கித் தருவார்கள். கடைக்காரர் "போன்ஜூர், போன்ஜூர்!" என்று கத்திக்கொண்டு கதிரைகளை வெளியில் எடுத்துப் போட்டிருந்தார். இவருக்கு வான்கோழி. எனக்கு வெள்ளிக்கிழமை என்றபடியால் உருளைக்கிழங்குப் பொரியல். மேசையில் எப்போதும்போல மஞ்சள் சோஸ் இருந்தது. இத்தனை வருடமும் அதற்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

"இன்னும் கொஞ்சம் பூசுமப்பா," என்றார். தாராளமாகப் பூசிக் கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். முகத்தில் வெயில் பட, நானும் கொஞ்சம் இளகிப்போனேன். திரும்பிப் பார்த்தால் மனுசன் கழுத்தைச் சொறிகிறார். உதடு தடித்துக்கொண்டு வருகிறது.

"தொண்டை... இறுக்குது."

அவர் கை ஜக்கெட் பையைத் தேடி நெஞ்சுப் பக்கம் போனது. ஊசிப் பேனை ஜக்கெட் பைக்குள். ஜக்கெட் வீட்டில். இரண்டு பேரும் ஆளையாள் பார்த்தோம். ஐயோ, அந்தப் பார்வை! கடைக்காரர் போனை எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார். நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

வழியில் கார் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், "பெல் ஜூர்னே, மடாம்!" என்று சிரித்தார். நல்ல நாளாம்! நான் திரும்பி வரும்போது ஆள் இருப்பாரா? கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் ஓடுகிறேனா? தேங்காய் உடைக்கிறேன் என்று பிள்ளையாரோடு பேரம் பேசவும் எனக்குப் பொறுமை இல்லை. "அவரை மட்டும் எடுத்துப் பார், அதுக்குப் பிறகு உன்ர வாசல் மிதிக்கமாட்டன்," என்று சத்தமாகத் திட்டிக்கொண்டே ஓடினேன். கதவுத் துவாரத்தில் திறப்பு நுழைய மறுத்தது. கதவை உதைத்தேன், அழுதேன், ஒருவழியாகத் திறந்தது.

திரும்பி வந்தபோது அவர் நிலத்தில் கிடந்தார். கடைக்காரர் தலையை மடியில் வைத்திருந்தார். முகம் நீலம் பாரித்து, யாரோ அறியாத மனிதர்போல இருந்தது. காற்சட்டைக்கு மேலாலேயே தொடையில் ஊசியைக் குத்தி அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. போய்விட்டார் என்றே நினைத்தேன். பிறகு நெஞ்சுக்குள் விசில்போல ஒரு சத்தம் கேட்டது. மூச்சு! அதற்குள் அம்புலன்ஸும் வந்துவிட்டது.

புவாண்ட்-கிளேரில் வேலையிலிருந்த மகள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். "அப்பா என்ன சாப்பிட்டவர்?"

"கடுகு ஒண்டும் இல்லையடி பிள்ளை. வான்கோழி, பாண், அந்த மஞ்சள் சோஸ்..."

அவள் தலையில் கை வைத்தாள். "அம்மா! அது முத்தார்ட்! கடுகை அரைச்சுத்தானே அதைச் செய்யிறவங்கள்!"

எனக்குக் காது அடைத்துவிட்டது. கடுகு என்றால் எனக்குத் தெரிந்தது எண்ணெயில் வெடிக்கிற கறுப்பு மணி மட்டும்தான். அது மஞ்சள் களியாகப் போத்தலில் வரும் என்று யார் கண்டது?

"ஆரம்மா அதை அப்பாவுக்குப் பூசிக் குடுத்தது?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கட்டிலில் கண்மூடிக் கிடந்தவர், வீங்கிய கையால் மூக்கில் இருந்த மாஸ்க்கை ஒதுக்கினார்.

"கொம்மாவை ஏசாதை," என்றார். "நான்தான் பூசினனான்."

நான் மாஸ்க்கைத் திரும்ப அவர் மூக்கில் வைத்துவிட்டேன்.