உள்காதில் உதிர்ந்தவை

நான் தீ எச்சரிக்கை மணிகளைப் பழுதுபார்ப்பவன். வேலையிடத்தில் எனக்குப் பெயரே ‘அலாரம்’. கூரைகளில் கத்துவதையெல்லாம் அடக்கியே முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் உடம்பைப் பற்றிப் பெரிய புகார் எதுவும் இல்லை. உட்கார்ந்து எழுந்தால் என் முழங்கால் சொடுக்குப் போடுகிறது என்பாள் மனைவி. எனக்குக் கேட்டதில்லை. டீவியில் வருகிறவர்கள் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பதுதான் என் ஒரே வருத்தம்.

ஒருநாள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியிலிருந்து அழைப்பு. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பூனையோடு தனியாக இருக்கிறார்.

“நிமிஷத்துக்கு ஒரு தடவை அலாரம் கீச்சுன்னு கத்துது தம்பி. தூங்க முடியல.”

ஏணியில் ஏறி, அலாரத்தின் பக்கத்தில் காதை வைத்துக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. இறங்கி வந்து, முகத்தில் கொஞ்சம் பரிவை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

“தப்பா நினைக்காதீங்க டீச்சர். வயசானா இல்லாத சத்தமெல்லாம் காதுல கேக்கும். உடம்புன்னா அப்படித்தான். நாமதான் ஏத்துக்கணும்.”

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “எனக்கு எழுபத்தெட்டு. மறதியும் உண்டு. அதனால என்னை நம்ப வேண்டாம், அந்தப் பூனையைப் பாருங்க. அலாரம் கத்துறப்ப நான் விரலைத் தூக்குறேன்.”

பூனை சோபாவில் கண்மூடிக் கிடந்தது. டீச்சரின் விரல் உயர்ந்தது. அதே நொடியில் பூனையின் காது வெடுக்கென்று துடித்தது. மறுபடி விரல், மறுபடி காது. டீச்சர் பொய் சொல்லலாம். பூனைக்கு என்மேல் என்ன விரோதம்?

“உங்களுக்கு என்ன வயசு?” என்றார் டீச்சர். சொன்னேன்.

“ஏத்துக்கணும் தம்பி.”

மறுபடி ஏணியில் ஏறி, தீர்ந்துபோயிருந்த பேட்டரியை மாற்றிவிட்டு வந்தேன்.

வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். “காது கொஞ்சம் மந்தமாயிடுச்சோன்னு தோணுது.”

“மூணு வருஷமா அதைத்தானே சொல்றேன்!”

“எப்ப சொன்னே?”

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அடக்க வெகுநேரம் பிடித்தது.

காது டாக்டர் படம் போட்டு விளக்கினார். “உள்காதுல நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள முடி மாதிரி நுண்ணிய செல்கள். சத்தத்தைப் பிடிச்சு மூளைக்கு அனுப்புறது அதுங்கதான். கீச்சுச் சத்தத்தைப் பிடிக்கிறது வாசல்ல இருக்கு. முதல்ல தேயறதும் அதுதான். போனா மறுபடி முளைக்காது. உங்களுக்கு வயசும் தொழிலும் கூட்டுச் சேர்ந்துடுச்சு.”

தலையில் முடி கொட்டியது ஊரறிந்த கதை. உள்காதிலும் கொட்டிவிட்டதாம். காதுக்கு வெளியே மட்டும் யாரும் கேட்காமலே புதராக வளர்கிறது. என் உடம்புக்கு விலாசம் மறந்துபோய்விட்டது போலிருக்கிறது.

முதலாளியிடம் பயந்துகொண்டே சொன்னேன். “நீ போன்ல பேசினா பக்கத்துக் கடைக்காரன் பதில் சொல்றான். எங்களுக்குத் தெரியாதா?” என்று சத்தம் அளக்கும் கருவி ஒன்றைக் கையில் கொடுத்தார். வேலை தப்பியது.

காதுக்குள் செருகும் மெஷினோடு வீடு திரும்பிய அன்று என் செருப்புச் சத்தமே என்னைத் திடுக்கிட வைத்தது. கதவைத் திறந்ததும் மனைவி, “வந்துட்டீங்களா!” என்றாள். இடி விழுந்தது போலிருந்தது.

“ஏன் கத்துறே?”

“கத்தலையே! இப்படித்தானே எப்பவும் பேசுறேன்!”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வருடமாக எனக்காகக் கத்திக் கத்தி அவள் தொண்டையே மாறிப்போயிருந்தது. தணிந்த குரலில் பேச இப்போது பழகிக்கொண்டிருக்கிறாள். பாதி வாக்கியம் வரை வருகிறது. அதற்குள் நான் ஏதாவது தப்புச் செய்துவிடுகிறேன்.