லாடக்காரர் திம்மப்பனின் மூச்சு

"அத்திப்பள்ளி ஒண்ணு" என்று திம்மப்பன் சில்லறையை நீட்டியதும் பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஞாயிறு மதியம் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளிக்குப் போகிற ஆண்பிள்ளைக்கு வேறென்ன வேலை இருக்கும்? இங்கே சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. ஐந்து மைல் தாண்டினால் மைசூர் ராஜ்யம், சாராயக்கடை. "என்ன லாடக்காரரே, தொண்டை காஞ்சு போச்சா?" என்கிறார் கண்டக்டர். திம்மப்பன் முப்பது வருஷம் ஆணியை உதட்டில் கவ்வியே வேலை செய்தவர். ஆணி இல்லாதபோதும் அந்த வாய் அப்படியே மூடியிருக்கும்.

மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் கட்டி, குளம்பைச் சீவி, லாடத்தை வைத்து ஆணி அடிப்பது அவர் தொழில். ஆணி சாய்வாக ஏறி, குளம்பின் பக்கவாட்டில் வெளியே வரவேண்டும். நேராக இறங்கினால் சதையில் குத்தும். போன தைமாதம் நிலக்காரர் கிருஷ்ணப்பனின் செவலைக்காளைக்கு அப்படித்தான் இறங்கியது. முந்தின நாள் குடித்த சாராயம் காலையில் கையை நடுக்கிவிட்டது. காளை மூன்று மாதம் நொண்டியது. அதன்பிறகு ஊரில் ஒருவரும் மாடு கொண்டுவரவில்லை. லாடம் கட்ட பதினைந்து மைல் தள்ளிச் சூளகிரிக்கு ஓட்டிப் போனார்கள். திம்மப்பன் ரோட்டோரம் ஜல்லி உடைக்கப் போனார்.

விட முயலவில்லை என்று சொல்ல முடியாது. மனைவி மாரம்மா மூன்று தடவை கோயிலுக்கு அழைத்துப் போய், எரியும் கற்பூரத்தை அணைத்து, ஜென்மத்துக்கும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்ய வைத்தாள். மூன்று தடவையும் தட்டில் காசு விழுந்தது. சாராயம் மட்டும் நிற்கவில்லை.

அவர் திருந்த வழி கிடைத்ததே ஒரு தப்புக் கணக்கால்தான். சித்திரையில் ஒருநாள் குடிக்கப் போனவர், சாராயக்கடைக்குப் பின்னால் பட்டு நூற்கும் கொட்டகையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டார். கடையைவிட மலிவாக ஊற்றுகிறார்கள் என்று நினைத்து நடுவில் இடம் பிடித்தார். ஒருவர் தன் மனைவியை அடித்த கதையைக் கன்னடத்தில் சொன்னார். இன்னொருவர் தெலுங்கில் அழுதார். குடித்தவர்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று திம்மப்பன் அரைமணி நேரம் பொறுத்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்:

"கிளாசு எப்பங்க வரும்?"

கொட்டகையே சிரித்தது. குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற அந்தக் கூட்டத்தை நடத்துகிற முனிவேல் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், பழைய குடிகாரர். "அதத்தாம்பா நாங்களும் பதினஞ்சு வருசமா கேட்டுக்கிட்டு இருந்தோம்" என்றார். "வந்ததும் வந்த, குந்து."

அன்றிலிருந்து ஞாயிறு தவறுவதில்லை. ஏன் என்று கேட்டால், "ஜென்மத்துக்கும்னு சொல்லச் சொல்லலீங்க. அடுத்த நாயித்துக்கெழம வரைக்கும்னாங்க. அது ஆவும்னு பட்டுச்சு" என்கிறார். மூன்றாவது வாரம் குடித்துவிட்டார். போய் அதையும் சொன்னார். யாரும் திட்டவில்லை. முனிவேல் நகர்ந்து இடம் கொடுத்தார். ஊர் டீக்கடையில் திம்மப்பனுக்குத் தனித் தம்ளர். அந்தக் கொட்டகையில் ஒரே சொம்புத் தண்ணீர் எல்லார் வாய்க்கும் சுற்றி வருகிறது. எந்தச் சாமியும் வந்து செய்யாத வேலை இது.

திரும்பும்போதுதான் தொல்லை. எல்லையில் பஸ்ஸை நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, "வாயை ஊது" என்கிறார் போலீஸ்காரர். திம்மப்பன் ஊதுவார். போலீஸ்காரர் நம்பாமல் இன்னொரு தடவை ஊதச் சொல்வார். அதே நேரம் கிருஷ்ணப்பனின் கார் வரும். பின்சீட்டில் அவர் தலை தொங்கிக் கிடக்கும். ரோட்டை மறித்த கட்டை தூக்கப்படும், சல்யூட் அடிக்கப்படும். கஞ்சி குடிக்கிறவன் வாயை மட்டும் முகர்கிற சட்டம் இது.

போன வாரம் அந்தக் கிருஷ்ணப்பன் அதே செவலையை ஆள் வைத்து ஓட்டிக்கொண்டு திம்மப்பன் வீட்டு முன்னால் வந்து நின்றார். சூளகிரி அலைச்சல் அவருக்கும் சலித்துவிட்டது. போலீஸ்காரனே வாராவாரம் மோந்து பார்த்து ஏமாந்து போகிறானாமே என்று சிரித்தார். வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். மாரம்மா வாசலில் வந்து நின்றாள். இந்த ஒரு மாடு நல்லபடியாக நடந்து போனால் மற்ற மாடுகளும் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"கயிறு போடறதுக்கு முந்தி ஊதுடா, பாக்கலாம்" என்றார் கிருஷ்ணப்பன். பேசும்போதே அவர் வாயிலிருந்து அத்திப்பள்ளி வீசியது.

திம்மப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆணி எறங்குனது உங்க கால்லீங்களா?"

திம்மப்பனைக் கண்டதுமே செவலை பின்வாங்கிக் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. திம்மப்பன் மெல்ல அதன் எதிரே போய்க் குந்தினார். அதன் மூக்குக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், போலீஸ்காரருக்கு ஊதுகிற மாதிரியே நீளமாக ஊதினார். மாடு மூக்கை விரித்து முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. இழுத்துப் பிடித்திருந்த கயிறு தளர்ந்தது.

திம்மப்பன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணிகளை எடுத்து ஒவ்வொன்றாக உதட்டில் கவ்விக்கொண்டார்.