ஒன்பதாம் நாளுக்கு முன் மூட்டை பிரியாது

மாட்டுத் தீவனக் கடையில் வாங்குகிறவர் ஒருவர், தின்கிறவர் இன்னொருவர். தின்கிறவர் வாய் திறக்க மாட்டார் என்பதால் வாங்குகிறவர் இரண்டு பங்கு பேசுவார். எந்தக் கடையிலாவது கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மராத்தி பேசும் ஊரான தேஹு ரோடு பக்கம் ஒரு கடையில் பிண்ணாக்குக்கு மருந்து கலப்பது என் வேலை. பசுவின் முதல் வயிறு ஒரு பெரிய தொட்டி. சும்மா பிண்ணாக்கு போட்டால் அதன் சத்தில் பெரும்பங்கை அங்கிருக்கும் நுண்ணுயிர்களே சாப்பிட்டுவிடும். மருந்து தெளித்த பிண்ணாக்கு அந்தத் தொட்டியைக் கடந்து, அப்பால் போய்ச் செரித்து, மாட்டுக்குச் சேரும். அதற்குக் காற்றுப் புகாமல் கட்டி ஒன்பது நாள் வைக்க வேண்டும். நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஒன்பது வரை எண்ணத் தெரியும்.

கை விட்டவர்

இங்கே பிண்ணாக்கு வாங்குகிற எவரும் மூட்டைக்குள் கை விட்டு, ஒரு துண்டைக் கடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். தத்தாபாவு பழைய வாடிக்கை. நான் திரும்புவதற்குள் ஏழாம் நாள் மூட்டையைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டார். மருந்து நெடியில் வெளியே ஓடித் துப்பினார், வாய் கொப்பளித்தார்.

எனக்குச் சண்டை போட வராது. மூட்டையை இறுக்கிக் கட்டினேன். காற்றுப் புகுந்துவிட்டதால், நாள் கணக்காகச் சாக்பீஸால் எழுதியிருந்த 7-ஐ அழித்து 1 என்று எழுதினேன். அவர் மராத்தியில் கத்தினார்: "அண்ணா, துப்பினது நான். தண்டனை மூட்டைக்கா?"

சேட்டின் அவசரம்

தெற்கத்திக்காரன் என்பதால் முதலாளி சேட்டுக்கும் நான் அண்ணாதான். சரக்கு தீர்ந்த ஒரு வாரம், ஆறாம் நாள் மூட்டைகளை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். முடியாது என்றேன். அந்தக் கடையில் நான் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வார்த்தை முழுசாக வந்தது.

சேட் சிரித்தார். "குழந்தையே எட்டு மாசத்துல பிறக்குது. உங்க பிண்ணாக்குக்கு என்ன அவசரமே இல்லையா, அண்ணா?"

திரும்பி வராத மூட்டைகள்

நான் சாப்பிடப் போன நேரத்தில் சேட் அந்த ஆறாம் நாள் மூட்டைகளில் மூன்றைச் சுமன்தாயிக்கு விற்றுவிட்டார். தாயி என்றால் இங்கே அக்கா. சுமன்தாயிக்கு ஆறு பசு; பால் மகர்பட்டா அடுக்கு வீடுகளுக்குப் போகிறது. அப்போதுதான் கன்று போட்ட அவருடைய ஒரு பசு விலா எலும்பு தெரிய இளைத்துக்கொண்டிருந்தது. இந்தத் தீவனமும் எடுபடாவிட்டால் அதை விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தார். நான் செருப்பை மாட்டினேன். சேட் சொன்னார்: "அந்த மூட்டைகள் கடைக்குத் திரும்பி வந்தால், நாளைக்கு நீங்கள் வர வேண்டாம்."

ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், கொட்டகை வாசலில் சங்கடத்தோடு நின்றேன். சொன்னேன்: "தாயி, இது இன்னும் ஆகவில்லை. மூன்று நாள் தொடாதீர்கள்." ஒரு மூட்டை ஏற்கெனவே பிரிந்திருந்தது. அதைக் கட்டி 1 எழுதினேன். மற்ற இரண்டில் 6 அப்படியே இருந்தது. எதையும் கடைக்குத் தூக்கவில்லை. தினமும் வந்து எண்ணை மாற்றுவதாகச் சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்து நின்றார். "வித்த சரக்கைத் தொடாதேன்னு சொல்ல ஆட்டோவுல வந்த கடைக்காரர் நீங்க ஒருத்தர்தான்!"

சாக்பீஸ் எண்

மூட்டை எதுவும் திரும்பவில்லை. அதனால் மறுநாள் நான் வழக்கம்போல் கடைக்குப் போனேன். சேட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்பதாம் நாள் சுமன்தாயியின் கொட்டகையில் முதல் மூட்டையை நானே பிரித்தேன். சில வாரத்தில் பசுவின் விலா மூடியது. ஒரு வேளைக்கு அரை லிட்டர் கூடக் கறந்தது. நம்பாமல் இரண்டு தடவை அளந்து பார்த்தேன். பசு விலைக்குப் போகவில்லை.

அடுத்த முறை சுமன்தாயி கடைக்கு வந்தபோது நான் உள்ளே மருந்து கலந்துகொண்டிருந்தேன். சேட் ஒரு மூட்டையை வண்டிப் பக்கம் இழுத்தார். சுமன்தாயி குனிந்து எண்ணைப் படித்துவிட்டு, காலால் அதைத் திரும்பத் தள்ளினார். "ஏழுதானே எழுதியிருக்கு, சேட்? ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். அண்ணாவைக் கேக்காம அதுல கை வைக்காதீங்க!"

ஒன்பதே நாளில் பிண்ணாக்கு மாட்டின் முதல் வயிற்றைக் கடக்கப் பழகிவிடுகிறது. என் பேச்சு சேட்டின் காதுக்குள் இறங்க எத்தனை நாள் என்பதைத்தான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.