வால்டர் கதவைத் தட்டிய சஷ்டி

போன கிழமை இங்கே கனடாவில், டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் ஆட்களின் பேக்கரி ஒன்றுக்குப் போனேன். போறணை அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த றோஸ்ற் பாண், மொறுமொறு ரொட்டி. கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைத்துப் பார்த்தால், காசு வாங்கும் மேசையில், றோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொப்பிப் பூக்கள் வைத்த பெட்டி. போர்களில் செத்த கனடியச் சிப்பாய்களை நினைத்து நவம்பரில் இங்கே எல்லோரும் நெஞ்சில் குத்துகிற பூ.

"றோல்ஸ் சுடச்சுட இருக்கு அங்கிள்" என்றாள் அங்கு நின்ற பிள்ளை.

"சஷ்டி விரதம், பிள்ளை."

"அப்ப பூவையெண்டாலும் எடுங்கோ. அதிலை இறைச்சி இல்லை."

சிரித்துக்கொண்டுதான் எடுத்தேன். காருக்குள் வந்து இருந்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை. பாணும் பொப்பியும் சஷ்டியும் ஒன்றாய் வந்தால் எனக்கு வால்டர்தான் வருவார்.

முப்பது வருஷத்துக்கு மேலிருக்கும். ஊரில் யுத்தத்துக்குத் தப்பி வந்த நானும் மனைவியும் அப்போது பார்க்டேலில், ஒற்றை அறை அப்பார்ட்மெண்டில். எனக்குக் கோப்பை கழுவுகிற வேலை. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி, இங்கிலீஷ் 'யெஸ்'சோடும் 'தாங்க்யூ'வோடும் சரி. வந்த முதல் வெள்ளிக்கிழமையே சாமிப் படத்துக்குச் சாம்பிராணி போட்டேன். கூரையிலிருந்த புகை மணி வீரிட்டது. அதை எப்படி நிற்பாட்டுவது என்று யாருக்குத் தெரியும்? நான் சேர்ட்டைக் கழற்றி விசுக்கிக்கொண்டு நிற்க, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஊன்றுகோலோடு வந்து ஒரே குத்தில் மணியை அடக்கினார். அவர்தான் வால்டர். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் சுவரில் தட்டிக் கேட்பார். அவர் சொன்னதை எங்கடை தமிழிலேயே எழுதுகிறேன்: "கடவுளுக்குச் சமையல் முடிஞ்சுதோ? இல்லாட்டி தீயணைப்புக்காரரைக் கூப்பிடவோ?"

ஒருநாள் அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்த மனைவி முகம் வெளிறித் திரும்பி வந்தாள். "உந்த மனிசன் ஆமிக்காரனப்பா. படம் மாட்டியிருக்கு, உடுப்போடை. நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு திரியிறியள்."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு ஆமி என்றால் வேலிக்கு மேலால் பாய்ந்து வருகிற சப்பாத்து. நானும் இரண்டு கிழமை அவருடைய கண்ணில் படாமல் படிக்கட்டால் ஏறி இறங்கினேன். ஏழாம் மாடி!

பிறகு அவரே பிடித்துக்கொண்டார். "நான் சுட்டது குறைவு, லொறி ஓட்டினதுதான் கூட" என்றார், பாதி சொல்லிலும் பாதி கைச்சாடையிலும். இரண்டாம் உலக யுத்தக் கடைசியில் ஒல்லாந்துச் சனம் பட்டினியில் பூச்செடிக் கிழங்கை அவித்துத் தின்றதாம். கனடா ஆமி லொறி லொறியாய்ச் சாப்பாடு கொண்டுபோனது. அதில் ஒரு லொறி வால்டருடையது. கிழவி ஒருத்தி பாணை வாங்கித் தின்னாமல் முகத்தோடு வைத்து மணந்துகொண்டே நின்றாளாம். அதைச் சொல்லும்போது அவரும் கையை மூக்கடியில் பிடித்துக் காட்டினார். ஊரில் பாணுக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவன் நான். ஆமிக்காரன் பாண் கொண்டுவருவான் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அவரோடு லொறியில் பக்கத்தில் இருந்த கூட்டாளி, யுத்தம் முடியச் சில நாள் இருக்கையில் கண்ணிவெடியில் போனவர். ஒவ்வொரு நவம்பர் பதினோராம் திகதியும், செத்த சிப்பாய்களின் நினைவு நாளில், வால்டர் குயீன் வீதித் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ட்ரீட்காரில் போய், நினைவுத்தூணுக்கு முன்னால் அந்தக் கூட்டாளிக்காக இரண்டு நிமிஷம் நிற்பார். கூடப் போகிற சிநேகிதர் அந்த வருஷம் செத்துப்போனார். வால்டரின் இடது கால் சரியில்லை.

"இரண்டு நிமிசம் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் காணும். வருவியோ?"

"யெஸ்" என்றேன். எனக்குத் தெரிந்த சொல்.

வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்த்தால், பதினோராம் திகதி சஷ்டியின் ஆறாம் நாள். சூரன்போர்.

"செத்த ஆக்களுக்குச் செய்யிற காரியமெல்லோ" என்றாள் மனைவி. "மலர்வளையமெல்லாம் வைக்கினம். ஆறு நாள் வெறும் தண்ணியோடை கிடந்துபோட்டு, விரதம் முடிக்கிற பாறணைக்கு முதல் தீட்டைத் தேடிப் போகப்போறியளோ?"

அவள் சொன்னாளே தவிர, நம்பினது நான். இதை அவருக்கு விளங்கப்படுத்த இங்கிலீஷும் இல்லை, துணிவும் இல்லை. பதினோராம் திகதி காலை அவர் கதவைத் தட்டினார். நான் பூசை மணியைக் கையால் பொத்திக்கொண்டேன். மூச்சு விடவில்லை. மூன்று தரம் தட்டினார். கற்பூர வாசம் கதவின் கீழால் போயிருக்கும், நாங்கள் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாமலா? பிறகு ஊன்றுகோல் லிஃப்ட் பக்கம் போகிற சத்தம்.

மத்தியானம் குப்பை போடப் போனபோது எதிரே வந்தார். முழங்காலில் பனியும் சேறும். உள்ளங்கையில் உரசல்.

"விழுந்திட்டன்" என்றார் வெட்கத்தோடு. "நிண்டு முடிக்க ஏலேல்லை. நீ காய்ச்சலாய்க் கிடக்கிறியோ எண்டு யோசிச்சன்."

"யெஸ்" என்றேன் மறுபடியும்.

பின்னேரம் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே சுடச்சுடப் பாண். காய்ச்சல்காரனுக்கு.

அந்தப் பாணை நான் மணந்துகூடப் பார்க்கவில்லை. மனைவிதான் அடுத்த நாள் பாறணைக்குப் பிறகு வெட்டினாள். தேவர்களின் சேனாபதிக்கு விரதமிருந்துகொண்டு ஒரு சிப்பாயைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தவன் நான். முருகன் கேட்டது அதுவா? அந்தப் பனிக்குள் யாருடைய கையைப் பிடித்திருந்தால் அவனுக்குப் பிடித்திருக்கும் என்று ஒவ்வொரு சஷ்டிக்கும் கும்பிடும்போது கேட்கிறேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன். வசனத்தைப் பாடமாக்கினேன். சித்திரை மாதம் அவருடைய மருமகள் வந்து வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் வேலையில் நின்றேன். விலாசம் கேட்டு வைக்கவில்லை.

இப்போது சூரன்போர் நாளாய் இருந்தாலும் பதினோராம் திகதி போய் நிற்கிறேன். ஆரம்பத்தில் முன்னுக்கு அந்த யுத்தத்துக்குப் போனவர்கள் பதக்கங்களோடு வரிசையாய் நின்றார்கள். பிறகு அவர்களுக்குக் கதிரை போட்டார்கள். பிறகு சக்கர நாற்காலிகள். போன வருஷம் ஒன்றே ஒன்று, கம்பளியால் போர்த்தி.

இந்த வருஷமும் முன்வரிசையில் அவர்களுக்கென்று கயிறு கட்டி இடம் விட்டிருந்தார்கள். இரண்டு நிமிஷமும் அந்த இடத்தில் பனிதான் விழுந்துகொண்டிருந்தது.