செல்வராணி அக்கா விளையாடிய இரண்டாம் பாகம்

வண்டி விக்கிரவாண்டியில் நின்றிருந்தபோது அக்காவின் வீட்டுக்காரர் ஜெயராஜ் அண்ணனிடமிருந்து போன் வந்தது. "உங்க அக்கா போய்ட்டாம்மா வாணி. வண்டியில எல்லார்கிட்டயும் சொல்லிடு" என்றார். பக்கத்து இருக்கையில் என் பையைப் போட்டு அக்காவுக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். அவர் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாகியும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எதிரே இருந்த தணிகாசலம் சார் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்தார்.

விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் சீசன் டிக்கெட்டில் போகிற எங்கள் எல்லோருக்கும் செல்வராணி அக்காவைத் தெரியும். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் பல வருஷம் நின்றவர். நான் அதே ஊரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். அழுது வடிந்து இதை எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது, எனக்கும் வராது. அவரை நினைத்தால் இப்போதும் முதலில் கைதான் பரபரக்கிறது. அதனால் அந்த விளையாட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

சின்னத் திரையும் இரண்டு ரிமோட்டும் உள்ள அந்த வீடியோ கேம் மிஷின், சிங்கப்பூரிலிருக்கும் அவருடைய தம்பி அக்காவின் மகளுக்காக வாங்கி வந்தது. மகள் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போனதும் அக்காவே எடுத்துக்கொண்டார். ஒரு நாள் முண்டியம்பாக்கம் தாண்டியதும் சாப்பாட்டுக் கூடையின் மேல் அதை நிறுத்தி, ஒரு ரிமோட்டை என் கையில் திணித்தார். "நான் ஆட்டுக்குட்டி, நீ வாத்து. குதிக்கணும், ஓடணும், அவ்ளோதான். புடி" என்றார். எனக்கு நாற்பத்து நான்கு வயது. ரயிலில் நாலு பேர் பார்க்க வாத்தாக ஆடுவதா என்று கூசியது. பேரணி வருவதற்குள் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. மயிலத்தில் ஏறிய கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, ஜல்தியா தாண்டுங்க" என்று கத்தினார்கள். முதல் பாகம் முடிய எங்களுக்கு ஏழெட்டு மாதம் ஆனது.

அக்கா அந்த விளையாட்டைப் பார்த்தது புடவைக்காரியின் கண்ணால். அந்த ஆட்டத்தில் சிவப்பு, பச்சை என்று எதையும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. வானம் மயில்கழுத்து, மலை வெங்காயத்தோல், குளம் ராமர் பச்சை. ஒருமுறை ஒரு கோட்டைச் சுவரை நான் மெரூன் என்றேன். ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். "இன்னாம்மா நீ, இது அரக்கு. மெரூனுக்கு இவ்ளோ கறுப்பு ஏறாது" என்று மயிலம் வரை எனக்குப் பாடம் எடுத்தார். அதற்குள் ஆட்டத்தில் எதிரிகளாக வரும் கொசுக்கள் வந்து எங்கள் இரண்டு பேரையும் தூக்கிப்போய்விட்டன.

போன ஆடியில் இரண்டாம் பாகம் வந்தது. அந்த முதல் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. முதல் பாகத்தில் ஆட்டுக்குட்டி குதித்து இறங்கினால் பஞ்சு மூட்டை விழுந்த மாதிரி இருக்கும். இதில் குளம்பு தரையில் பட்டதும் 'டக்'கென்று ரிமோட் கையிலேயே அதிர்ந்தது. ஆட்டுக்குட்டி சுவரில் ஏறியது. வாத்துக்கு ஒரு குடை கொடுத்திருந்தார்கள், அதை விரித்தால் காற்றில் மிதந்து போகலாம். முன்பு ஒருவர் விழுந்தால் இருவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதில் விழுந்தவரைக் காற்றே தூக்கி வந்து மற்றவர் பக்கத்தில் விட்டுவிடும். எத்தனை முறை விழுந்தேனோ, ஒரு முறைகூட அக்கா என்னைத் திட்ட வேண்டியிருக்கவில்லை. மழை ஸ்டேஜில் துளி பட்ட பூக்களெல்லாம் பாய் அளவுக்கு விரிந்தன. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போனோம். தணிகாசலம் சார் அன்று பேப்பரைத் திறக்கவே இல்லை.

ஆனால் அக்காவுடன் ஆடுவது பேஜாரு பிடித்த வேலை. பாதி வழியில் நின்றுவிடுவார். ஒரு பூவைச் சுற்றிவருவார், மேகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார். திண்டிவனம் வருவதற்குள் ஒரு ஸ்டேஜையாவது முடிக்க வேண்டும் என்பது என் கணக்கு. "நட அக்கா" என்று இழுப்பேன். ஒருமுறை அவர் கடைக்குப் போயிருந்தேன். ஒரு பெண்மணி ஒரு மணி நேரமாகப் புடவைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முகம் சுளிக்காமல் அடுத்தடுத்து எடுத்துப் போட்டார். கடைசியில் அந்தப் பெண்மணி எதுவும் வாங்காமல் எழுந்து போனார். எனக்குக் கோபம் வந்தது. அக்கா புடவைகளை மடித்தபடி, "பாக்குறவங்கள அவசரப்படுத்தக் கூடாது வாணி. பாத்துக்கினு இருக்கறதே ஒரு சொகம்தானே" என்றார்.

வயிற்றில் கட்டி என்று அவர் சொன்னது மழை ஸ்டேஜ் ஆடிய வாரத்தில்தான். "மெட்ராசுல ஆபரேஷன். தேதி குடுத்துட்டாங்க" என்று, லீவு சொல்வது போலச் சொன்னார். இடையில் ஒன்பது நாள்தான் இருந்தது. எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அவர் திரும்பி வரமாட்டார் என்று நினைத்தேன். ஆட்டத்தின் முடிவைப் பார்க்காமல் அவர் போய்விடக் கூடாது என்று பதறினேன். தணிகாசலம் சாரிடம் சொன்னேன், அவர் பெட்டியில் எல்லோரிடமும் சொன்னார். மறுநாளிலிருந்து நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரை விரட்டினோம். கல்லூரிப் பிள்ளைகள் குறுக்கு வழி கண்டுபிடித்துச் சொன்னார்கள். பவழப் பாறைகளையும் இசைக்கேற்ப ஆடும் பாலங்களையும் திரும்பிப் பார்க்காமல் தாண்டினேன். அக்கா நின்றால், நான் முன்னால் ஓடி அவரைத் திரையோடு இழுத்துக்கொண்டு போனேன்.

ஒன்பதாம் நாள் கடைசி எதிரியான கொசு ராஜாவைப் பிடித்தோம். நாலே மிதியில் சுருண்டு விழுந்தான். பெட்டி முழுக்கக் கைதட்டியது. அக்காவும் சிரித்தார். "இவனுக்கா இவ்ளோ பில்டப்பு" என்றார். பிறகு மிஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இன்னா அவசரம் வாணி உனுக்கு? நான் ஒண்ணையும் சரியா பாக்கலியே" என்றார். திண்டிவனத்தில் இறங்கிக் கடைக்குப் போனார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

துக்கத்துக்குப் போனபோதும் எனக்கு அந்தக் கேள்விதான் காதில் இருந்தது. ஆசையாக வாங்கிய விளையாட்டை அவர் கையிலிருந்து பிடுங்கி முடித்துவிட்டேன். நீ திரும்பி வரமாட்டாய் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஜெயராஜ் அண்ணன் மிஷினைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது, வேண்டாம் அண்ணே என்று பின்வாங்கினேன்.

"உனுக்குத்தான் குடுக்கச் சொன்னா" என்றார் அவர். "வார்டுல பூரா இதேதான். எதிர் பெட்டுல நம்ம விழுப்புரம் பக்கத்துக் காணைக்காரம்மா ஒண்ணு, கரும்பு வெட்டுற அம்மா. அதுக்கும் ஒரு ரிமோட்ட குடுத்துட்டா. ரெண்டு பேரும் ஆடிக்கினே இருந்தாளுங்க."

"என்மேல கோவமா இருந்தாங்களா அண்ணே?"

"கோவமா? வாணி பயந்துட்டா, அதான் அப்டி ஓடுனா, பாவம்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

வீட்டுக்கு வந்து மிஷினைத் திறந்தேன். இரண்டு ஆட்டங்கள் பதிவாகி இருந்தன. ஒன்று எங்களுடையது: முடிந்தது, ஆறு மணி நேரம் என்று காட்டியது. மற்றது ஆஸ்பத்திரியில் அவர் புதிதாகத் தொடங்கியது. முப்பத்தொரு மணி நேரம் ஆடியிருந்தார். நாலாவது ஸ்டேஜைக்கூடத் தாண்டவில்லை. அந்த ஸ்டேஜின் நடுவில், பவழப் பாறை ஒன்றின் மேல், ஆட்டுக்குட்டியும் வாத்தும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. அப்போதுதான் நன்றாக அழுதேன்.

அவருடைய ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து நான் ஆடிக்கொண்டிருக்கிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது மிஷின் அல்ல, அந்த நிற்றல்தான். அது இவ்வளவு இன்பமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாறைக்குப் பின்னால் ஒரு குகை இருக்கிறது. ஓடியபோது நான் பார்க்கவே இல்லை. உள்ளே போனால் சுவரெல்லாம் மீன்கள். ஒவ்வொரு மீனும் ஒரு நிறம், பலவற்றுக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை காலை வண்டியில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வண்டி ஒலக்கூரில் நின்றிருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் திண்டிவனத்தைத் தவறவிட்டிருந்தேன். இறங்கி, பஸ் பிடித்து ஆபீசுக்குள் நுழைந்தபோது வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா லேட்டு?"

"பாத்துக்கினு இருந்தேன் சார்" என்றேன்.